முதல் பீஸ்

ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்து, நாற்பது நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இரண்டு பெண்களால் இருக்க முடியுமா? முடியும். அண்ணியும் நாத்தனாரும் இருந்து காட்டினார்கள்.

கூடவே படித்து வருகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி.

இரண்டு பேருக்கும் ஒரே தையல் கம்பெனியில் வேலை. சட்டை தைக்கிற வரிசையில் கடைசி மிஷின், பதினாலாம் நம்பர், நாத்தனாருடையது. அதை அடுத்த மேஜை அண்ணியுடையது. அண்ணி செக்கர். தைத்து வருகிற சட்டையைத் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பேர். அவள் கண்ணில் மண்ணைத் தூவ இன்னொருத்தி பிறந்து வரவேண்டும் என்பார்கள்.

ஒரு நாள் பதினாலாம் நம்பரிலிருந்து வந்த நாற்பது சட்டைக் கட்டில் இருபத்து மூன்றுக்குக் கை மூட்டுகிற இடத்தில் தையல் விட்டுப்போயிருந்தது. இருபத்து மூன்றிலும் சிவப்பு அம்பு. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். அடுத்த மாதம் லைன் லீடர் ஆகவேண்டிய நாத்தனாரின் பேர் பலகையிலிருந்து அழிந்தது.

"வீட்டு ஆளுன்னுகூடப் பாக்கலையே!" என்று அன்று சாயங்காலம் நாத்தனார் கத்தினாள்.

"வேலையில என்ன வீடு, என்ன உறவு?" என்றாள் அண்ணி.

அதுதான் கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் எல்லாம் மாமி, அதாவது நாத்தனாரின் அம்மா, வழியாகத்தான். "மாமி, குழாயை மூடச் சொல்லுங்க." "மூடியாச்சுன்னு சொல்லும்மா." மாமி வீட்டில் இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள். சுவருக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

அண்ணியின் புருஷன் மரச்சாமான் கடையில் வேன் ஓட்டுகிறவர். வெளியில் புலி, வீட்டுக்குள் பிள்ளைப்பூச்சி. "தனி வீடு பாருங்க" என்றாள் அண்ணி. பார்த்துவிட்டார். நாலு தெரு தள்ளி, ஒரு அறை, ஒரு சமையலறை. திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிட்டால் வீடு அவர்களுடையது.

அந்தச் சமயத்தில்தான் மாமி இரண்டு பேருடைய பேரையும், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தியாக, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"சூஃபி வழியில மூணு நாள் தங்கல். வயசுப் பொண்ணுங்களுக்கு மட்டும். போய் அல்லாவை நெனச்சுட்டு வா."

"அங்க போய் என்ன மாமி செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உட்காரணும்."

"சும்மாவா?"

அண்ணிக்கு அதுவே பிடித்துவிட்டது. எட்டு வருஷமாக நின்றுகொண்டே பார்க்கிற வேலை. சாயங்காலமானால் கெண்டைக்கால் கல்லாகிவிடும். உட்கார வைத்துச் சோறும் போடுகிறார்கள் என்றால் யாருக்குக் கசக்கும்?

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், பக்கத்தில் கழற்றிக்கொண்டிருந்தவள் யார் என்று பார்த்தாள். நாத்தனார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாமியை மனதுக்குள் திட்டினார்கள்.

விடுமுறை விட்ட ஒரு பள்ளிக்கூடம் அது. பெஞ்சுகளை ஒரு பக்கம் அடுக்கி, தரையில் விரிப்புப் போட்டிருந்தார்கள். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட வகுத்தல் கணக்கு அப்படியே இருந்தது. ஐம்பது பெண்கள். நடத்துகிறவள் பஸ் டிப்போ கவுண்டரில் டிக்கெட் கொடுக்கிறவள். எல்லாருக்கும் கவுண்டர் அக்கா.

"ரெண்டே சட்டம்தான்," என்றாள் கவுண்டர் அக்கா. "விடியக்காலை பஜ்ரு தொழுகையிலருந்து சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் யாரும் யார்கூடவும் பேசக்கூடாது. நடந்தா உங்க கால்விரலைப் பாருங்க, உட்கார்ந்தா உங்க மடியைப் பாருங்க. அடுத்தவங்களைப் பாக்காதீங்க. சரி, அடுத்து?"

அந்த 'அடுத்து' அவளுக்கு வேலையில் ஒட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்கிற மாதிரியே சொல்வாள்.

முதல் சட்டம் அண்ணிக்கு லட்டு மாதிரி. பகலில் ஐம்பது பேரும் பேசாமல் இருந்ததால் இவர்கள் இரண்டு பேர் பேசாதது யாருக்கும் தெரியவில்லை. அஸர் முடிந்ததும்தான் வெட்டவெளிச்சம். நாற்பத்தெட்டு பேர் உலை கொதிக்கிற மாதிரிச் சளசளவென்று பேச, ஒருத்தி முற்றத்துக் கோடியிலும் ஒருத்தி மூன்றாம் வகுப்பு அறையிலும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சாயங்காலம் அப்படிப் போயிற்று.

இரண்டாவது சட்டம்தான் கழுகுக்குத் தண்டனை. முதல் நாள் முழுக்கக் கண் பிய்த்துக்கொண்டு ஓடியது. விரிப்பின் ஓரத்தையல் பிரிந்திருக்கிறது. எதிரே இருக்கிறவளுக்குக் காலர் அரை விரல் ஏறியிருக்கிறது. கவுண்டர் அக்காவின் முக்காட்டில் இரண்டு விதமான வெள்ளை நூல். பார்க்காதே, பார்க்காதே என்று, பிள்ளையைக் காதைப் பிடித்து இழுக்கிற மாதிரி, கண்ணை மடிக்கு இழுத்து வந்தாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் நாள், கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணியின் புருஷனுடைய வேன் வரும்.

பஜ்ரு முடிந்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாக அப்போதுதான் வெளிச்சம் தரையில் கால் வைத்தது.

"நேத்து அல்லாவோட பேர்ல யா லத்தீஃப், மென்மையானவனேன்னு சொன்னோம்," என்றாள் கவுண்டர் அக்கா. "இன்னைக்கு யா ஸத்தார். மறைக்கிறவனேன்னு அர்த்தம். நம்ம குறையெல்லாம் நாலு பேர் கண்ணுல படாம மூடி வைக்கிறானே, அவனைக் கூப்பிடப் போறோம். சத்தம் பெருசா வேண்டாம். பக்கத்துல இருக்கறவளுக்குக் கேட்டாப் போதும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. குறையை மறைப்பதா? மறைத்து ஒரே ஒரு கட்டு அனுப்பிப் பார், வாங்குகிறவன் கப்பலோடு திருப்பி அனுப்புவான்.

"யா ஸத்தார். யா ஸத்தார்."

முதலில் ஆளுக்கொரு வேகம். காலை ஷிப்டில் மிஷின்களை ஒவ்வொன்றாக ஓடவிட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் முந்தினவள் தயங்கி, பிந்தினவள் எட்டிப்பிடித்து, ஐம்பது குரலும் ஒன்றாயின. அப்புறம் குரல் தேய்ந்தது. சொல் தொண்டையை விட்டு நெஞ்சுக்கு இறங்கி, மூச்சோடு போய் மூச்சோடு வந்தது.

மூன்றாம் நாள் என்பதால் கண்ணும் களைத்துவிட்டது போலிருக்கிறது. எங்கும் ஓடாமல் அண்ணியின் மடியிலேயே கிடந்தது. மடியில் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு கை. வலதுகைக் கட்டைவிரலில் ஸ்டிக்கர் உரித்து உரித்து ஏறிய காய்ப்பு.

அந்த விரலைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருந்தபோதுதான், நாற்பது நாளாக அவள் மூடி வைத்திருந்த ஒன்று உள்ளே புரண்டு படுத்தது.

செக்கர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதி வைத்ததில்லை. முதல் பீஸிலேயே தையல் விட்டிருந்தால் ஊசி முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம். செக்கர் நடந்து போய், மிஷின் பலகையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். தைக்கிறவள் ஊசியை மாற்றிக்கொள்வாள். அந்த ஒரு பீஸைப் பிரித்துத் தைத்தால் விஷயம் அதோடு போயிற்று. சூப்பர்வைசர் காதுக்கு எட்டாது. அண்ணி எத்தனையோ பேருக்குத் தட்டியிருக்கிறாள். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் ஏழு தடவை தட்டினாள்.

அந்த இருபத்து மூன்று சட்டை வந்த நாள் காலையில் வீட்டில் ஒரு சண்டை. பெரிதாக ஒன்றுமில்லை, குளியலறைக்கு யார் முதலில் என்று. அதில் நாத்தனார் ஒரு சொல்லை விட்டுவிட்டாள். "நேத்து வந்தவங்க நீங்க, எங்க வீட்டுல எனக்கே சட்டமா?"

கல்யாணமாகி ஆறு வருஷம். ஆறு வருஷம் அந்த வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தவள் நேற்று வந்தவள்.

அந்த முள்ளோடுதான் மேஜைக்குப் போனாள். பதினாலாம் நம்பரிலிருந்து முதல் பீஸ் வந்தது. திருப்பினாள். தையல் விட்டிருந்தது. நாலு எட்டு வைத்தால் நாத்தனாரின் பலகை. அண்ணி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஸ்டிக்கரை உரித்தாள். இரண்டாவது வந்தது. உரித்தாள். ஐந்து, பத்து, பதினைந்து. நகரவில்லை.

அம்பு ஒட்டியது தப்பில்லை. தட்டாததுதான் தப்பு. அது அவளுக்குத் தெரியும், படைத்தவனுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

யா ஸத்தார். மறைக்கிறவனே.

அவனே மறைத்துக்கொடுத்ததை நான் எதற்குத் திறக்க வேண்டும் என்று ஒரு யோசனை ஓடியது. நல்ல யோசனையாகத்தான் இருந்தது. சாயங்காலம் வேன் வரும், நாளைக்குத் தனி வீடு, அத்தோடு தலைமுழுகிவிடலாம். ஆனால் அந்த யோசனை வந்த பிறகு, அதுவரை மூச்சோடு மூச்சாக இறங்கிய பேர் நெஞ்சுக்குழிக்கு மேலேயே நின்றுகொண்டது. தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்ட மாதிரி.

"சரி, அடுத்து," என்றாள் கவுண்டர் அக்கா.

அடுத்து ஊழிய நேரம். கூட்டுவது, துடைப்பது, காய் நறுக்குவது. சமையலறைக் கதவில் ஒரு சிலேட்டுத் தொங்கியது. பேசக்கூடாது என்பதால் அவசரத் தேவையை அதில் எழுதலாம். முதல் இரண்டு நாளும் சோப்பு, தலைவலி மாத்திரை என்றுதான் எழுதியிருந்தார்கள். இன்றைக்கு மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண் முத்து முத்தாக ஒன்று எழுதி வைத்திருந்தாள்.

'எனக்கு இரண்டு சிவப்பு அம்புகள் வந்துள்ளன. மூன்றாவது எந்த நிலையை அடைந்தால் கிடைக்கும்?'

அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: 'எனக்கு ஒன்றுகூட இல்லை. நான் என்ன தவறு செய்தேன்?'

அண்ணி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

முதல் நாள் அவளுக்குக் கிடைத்த ஊழியம், தொழுகைக்குப் போர்த்துகிற ஐம்பது வெள்ளைத் துணிகளை மடித்து வைப்பது. மற்றவர்கள் பையில் சீப்பு இருக்கிற மாதிரி அவள் பையில் எப்போதும் ஸ்டிக்கர் சுருள் இருக்கும். துணியைக் கையில் எடுத்தாள், விரித்தாள், திருப்பினாள். கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. ஓட்டை இருந்த இடத்தில் அம்பு, கறை இருந்த இடத்தில் அம்பு, தையல் கோணிய இடத்தில் அம்பு. மடித்து அடுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

பேசக்கூடாத இடம். யார் யாரைக் கேட்பது? எடுத்துப் போர்த்திக்கொண்டவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். மருந்துக்கடைப் பெண்ணுக்கு வந்த அம்பு சரியாக இடது மார்பில், உள்ளே காட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு நாளாக அதைத் தொட்டுத் தொட்டு அழுதுகொண்டிருந்ததை அண்ணியே பார்த்தாள். நாள் முழுக்க அம்பு பார்க்கிற கண்ணுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை; நல்ல பக்தி என்று நினைத்தாள்.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். வெங்காயக் கூடையோடு நாத்தனார். அவளும் சிலேட்டைப் படித்தாள். ஐந்து வருஷமாக அந்த அம்பைப் பார்க்கிறவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

முதலில் நாத்தனாரின் தோள்தான் குலுங்கியது. அப்புறம் கூடை குலுங்கியது. இரண்டு வெங்காயம் உருண்டு ஓடின. அண்ணி முக்காட்டு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். சத்தம் வரக்கூடாது. சத்தம் வரக்கூடாது என்பதாலேயே அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, ஊமைச் சிரிப்பாகச் சிரித்தார்கள்.

கவுண்டர் அக்கா வந்தாள். சிலேட்டைப் படித்தாள். இவர்களைப் பார்த்தாள். ஏதோ தோன்றித் தன் போர்வையை முன்னால் இழுத்துப் பார்த்தாள். முதுகுப் பக்கம் நாலு அம்பு. ஒன்றும் நடக்காத முகத்தோடு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போனாள். டிரம்முக்கு மேலே அவள் தலை மட்டும் தெரிந்தது. அது ரொம்ப நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து சாக்பீஸை எடுத்து எழுதினாள். 'அம்பு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் துணி கிழியவில்லை.'

சிரித்து ஓய்ந்த பிறகு நாத்தனார் கூடையைத் தரையில் வைத்தாள். ஒரு கத்தியை எடுத்து அண்ணியின் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் உட்கார்ந்து நறுக்கினார்கள். கத்தி பலகையில் படுகிற சத்தம் மட்டும். இந்தப் பேசாமை வீட்டுப் பேசாமை மாதிரி இல்லை. அது கழுத்தில் கல்லைக் கட்டின மாதிரி இருக்கும். இதில் கை வீசி உட்கார இடம் இருந்தது.

ஆனால் சிரிப்பது சுலபம். அஸருக்கு அப்புறம் வாய் திறந்துவிடும். அப்போது என்ன செய்வது?

மத்தியானம் லுஹர் தொழுதபின் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு மூலையில் தனியாக உட்கார வேண்டும். அண்ணிக்கு அடுக்கி வைத்த பெஞ்சுகளுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. காலை நீட்டிக்கொண்டாள். கெண்டைக்கால் மூன்று நாளில் இளகியிருந்தது. மனசுதான் இறுகிக்கொண்டு வந்தது.

சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அந்த ஒரு அறை வீடு கண்முன் வந்தது. தன் அடுப்பு, தன் குழாய், தன் கதவு. அதை அவள் ஆசைப்பட்டாள், பொய்யில்லை.

சொன்னால்? அந்த வீட்டுக்குள் அவள் வரும்போது நகை கொண்டுவரவில்லை, படிப்புக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது ஒன்றே ஒன்று. 'அவ நேர்மையானவ, அவ கண்ணு தப்பாது' என்கிற பேர். மாமி அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லித்தான் பெருமைப்படுவாள். சொன்னால் அந்தப் பேர் போய்விடும். நாத்தனார் அண்ணனிடம் சொல்வாள், அம்மாவிடம் சொல்வாள். அப்புறம் ஆயுசுக்கும் அவள் நேற்று வந்தவள்தான்.

ஒரு மணி நேரம் முடிந்தது. முடிவு ஒன்றும் வரவில்லை. எழுந்து, கைகால் முகம் கழுவி ஒளூ செய்துகொண்டு போய் அஸர் தொழுதாள். தொழுகை முடித்து ஸலாம் கொடுத்ததும் பள்ளிக்கூடம் மொத்தமும் வாயைத் திறந்தது.

நாத்தனார் எழுந்து மூன்றாம் வகுப்பு அறைப் பக்கம் நடந்தாள். அண்ணியின் கால்கள் அவள் பின்னாலேயே போயின. யோசித்துப் போனதாகச் சொல்ல முடியாது. நாலு எட்டு வைக்காமல் நின்றதற்குச் சேர்த்து இப்போது நடக்கிற மாதிரி இருந்தது.

"வாலு."

நாற்பது நாளுக்கு அப்புறம் அந்தப் பேர். வீட்டில் நாத்தனாரைக் கூப்பிடுகிற பேர் அதுதான். அவள் நின்றாள்.

"என்ன?" சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள். பழக்கம்.

"சுவத்தைப் பாக்காதே. என்னைப் பாரு. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு முதல் பீஸ்லயே பாத்துட்டேன்."

"எதை?"

"உன் ஊசி போயிடுச்சுன்னு. வந்து தட்டியிருக்கணும். தட்டல. காலையில நேத்து வந்தவன்னு சொன்னியே, அந்தக் கோவம். போகட்டும்னு விட்டுட்டேன். இருபத்து மூணும் என் கண்ணு முன்னாலதான் கெட்டுச்சு."

நாத்தனார் இப்போதுதான் திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

"இது யாருக்கும் தெரியாது. உங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது. நீ யார்கிட்ட வேணாச் சொல்லிக்கோ. சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்றேன்."

வெளியே யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். நாத்தனார் ஒரு சின்னப் பெஞ்சை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் எத்தனை வருஷமாத் தைக்கிறேன்?"

"அஞ்சு."

"ஊசி மழுங்கினா மிஷின் சத்தம் மாறும். தூக்கத்துலகூடக் கண்டுபிடிச்சுடுவேன். எனக்கும் முதல் பீஸ்லயே தெரியும்."

அண்ணி அவளையே பார்த்தாள். "தெரியுமா? அப்புறம் ஏன்டி மாத்தல?"

"நீங்க வந்து தட்டுவீங்களான்னு பாத்தேன்."

"என்னது?"

"காலையில அப்படிச் சொல்லிட்டேனே, மனசு கேக்கல. மன்னிப்புக் கேக்க வாய் வரல. நீங்க வந்து தட்டினா, கோவம் இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன். ஒவ்வொரு பீஸாத் தள்ளிட்டு, காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்ப வருவாங்க, இப்ப வருவாங்கன்னு. அஞ்சாறு போனதும் எனக்கும் வீம்பு வந்துடுச்சு. தட்டற வரைக்கும் தைக்கிறேன், பாத்துடலாம்னு."

"இருபத்து மூணு வரைக்குமா?"

"இருபத்து மூணுல ஊசியே ஒடஞ்சுடுச்சு. இல்லைன்னா நாப்பதும் போயிருக்கும்."

"பைத்தியமாடி உனக்கு?"

"உங்களுக்கு?"

அண்ணி அவள் பக்கத்தில் அதே சின்னப் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தைகள் உட்காருகிற பெஞ்சு. முழங்கால் தாடைக்கு வந்தது.

"லைன் லீடர் போச்சேடி," என்றாள் மெதுவாக.

"போச்சு. அது இன்னும் வலிக்குது அண்ணி. இல்லைன்னு சொல்ல மாட்டேன்." நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நாப்பது நாளும், எல்லாத்தையும் உங்க தலையில போட்டுட்டு நான் நல்லவளா திரிஞ்சேனே, அது அதைவிட வலிச்சுது."

"சூப்பர்வைசர்கிட்ட..."

"என்னன்னு சொல்வீங்க? செக்கர் தட்டல, டைலர் மாத்தலன்னா? ரெண்டு பேரையும் ஒரே பஸ்ஸுல ஏத்தி அனுப்பிடுவாரு."

"அப்ப மூடி வைக்கச் சொல்றியா?"

"வேண்டாம். சேந்தே போய்ச் சொல்லுவோம். நடக்கறது நடக்கட்டும்." பிறகு தயங்கிக் கேட்டாள். "தனி வீடு?"

"இன்னைக்கே வேண்டாம்னு சொல்லிடறேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அண்ணிக்கே தெரிந்தது. காலையில் நெஞ்சில் நின்ற விக்கல் போயிருந்தது.

மருந்துக்கடைப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் சொந்தமா? மூணு நாளாத் தெரியவே இல்லையே!"

"எங்களுக்கே இப்பத்தான் தெரிஞ்சுது," என்றாள் நாத்தனார்.

ஐந்து மணிக்கு வேன் வந்து நின்றது. இரண்டு பேரும் தங்கள் துணியை ஒரே பையில் திணித்து, ஆளுக்கொரு பிடியாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வந்ததும் அண்ணி பிடியை விட்டுவிட்டாள்.

வேனுக்குப் பின்னால் சாமான். சுருட்டிக் கட்டின மெத்தை, ஒரு தகரப் பெட்டி, ஒரு நாற்காலி, வாளிக்குள் பாத்திரங்கள். புருஷன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குத்தானே சொன்னீங்க! அதுக்குள்ள என்ன அவசரம்?" அண்ணி ஓடினாள். "எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுபோங்க. எனக்குத் தனி வீடு வேண்டாம். நாங்க பேசியாச்சு."

புருஷன் பிடரியைச் சொறிந்தார். "உனக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

அவர் தாடையால் முன்சீட்டைக் காட்டினார். மாமி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. சீவி முடிந்த தலை, துவைத்து மடித்த முக்காடு.

"பேசிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"பேசிட்டோம் மாமி."

"அல்ஹம்துலில்லா. அதுக்குத்தான் அனுப்பினேன்."

"அப்புறம் ஏம்மா நீ போற?" நாத்தனார் வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நாங்கதான் சேந்துட்டோமே!"

"உங்க சண்டைக்காகப் போறேன்னு யாருடி சொன்னா?" மாமிக்குக் கோபமில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "மூணு நாளு அந்த வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன். இவனும் லோடு எடுத்துக்கிட்டு வெளியூர் போயிட்டான். வெள்ளிக்கிழமை பயமாத்தான் இருந்துச்சு. நேத்துக் காலையில ஒரு டீ போட்டேன். ஒரே ஒரு டீ. யாருக்குச் சக்கரை வேணும், யாருக்கு வேண்டாம்னு யோசிக்காம. உட்கார்ந்து குடிச்சேன். குடிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் கூப்பிடல. என் மூச்சு எனக்கே கேட்டுச்சு. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல அதை நான் கேட்டதில்லடி. மத்தியானமே போய், இவன் உங்களுக்குப் பாத்து வச்ச வீட்டுச் சாவியை வாங்கிட்டேன்."

நாத்தனார் பின்னால் இருந்த தகரப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாலு தெருதான். செத்தா போயிட்டேன்? ஏறுங்க."

நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணி, நீங்க சொன்னாக் கேப்பாங்க. வேண்டாம்னு சொல்லுங்க. சொல்லுங்க அண்ணி!"

அண்ணி மாமியின் முகத்தைப் பார்த்தாள். குறை தேடுகிற கண்ணால் இல்லை. ஆறு வருஷமாகப் பார்த்த முகம்தான். இப்படி ஓய்வெடுத்த முகமாக ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு அறை, ஒரு அடுப்பு, தன் கதவு. அந்த ஆசை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வரைக்கும் அது அவளுடைய ஆசை.

"அந்தச் சமையலறையில ஜன்னல் இருக்கா மாமி?" என்று கேட்டாள்.

மாமியின் கண் மின்னியது. "சின்னதா ஒண்ணு இருக்கு."

"அண்ணி!" நாத்தனார் பிடித்த கையை உதறினாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் கிடைத்த அண்ணியை இப்போதே தொலைத்துவிட்டவள் மாதிரிப் பார்த்தாள். பிறகு வேனுக்குப் பின்னால் போய், சக்கரத்தில் கால் வைத்து ஏறி, அம்மாவின் தகரப் பெட்டிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தப் பெட்டியை எங்க இறக்கினாலும் நானும் அங்கதான் இறங்குவேன். இல்லைன்னா பெட்டி நம்ம வீட்டுக்கு வரட்டும்."

"இறங்குடி," என்றாள் மாமி, திரும்பிப் பார்க்காமல்.

"மாட்டேன்."

அண்ணி தரையில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு முன்சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் நின்றாள். புருஷன் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

"எந்தத் தெருவுக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க," என்றார்.